நோர்வேயில் தமிழ்க் குடும்பமும் திறந்தவெளி வாழ்வும் – ஒரு வரலாற்று நோக்கு

புலம்பெயர்ந்தோர் வரலாறு பெரும்பாலும் உழைப்பின் வரலாறாகவும் சட்டத்தின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டிற் சென்றனர், எத்தகைய அனுமதியுடன் சென்றனர், எத்தொழிலில் அமர்ந்தனர், எவ்வளவு பணத்தை ஊருக்கு அனுப்பினர் என்னும் வினாக்களுக்கு விடை காண்பதோடு ஆய்வாளர் பலர் அமைந்துவிடுகின்றனர். இவ்வினாக்கள் இன்றியமையாதனவே. ஆயினும், ஒரு குடும்பம் தான் குடியேறிய நாட்டிலே சனி, ஞாயிறு ஆகிய இரு தினங்களை எவ்வாறு கழித்தது என்னும் வினாவும் வரலாற்று மாணவனின் கவனத்துக்கு உரியதேயாகும். வேலை நாட்களில் மனிதன் செய்வதைத் தொழிற்சாலையின் மணியும் பாடசாலையின் நேரசூசியும் தீர்மானிக்கின்றன. ஓய்வு நாளில் அவன் செய்வதோ அவன் எங்கிருந்து வந்தவன் என்பதையும் எங்கே சேர விரும்புகிறான் என்பதையும் புலப்படுத்துகின்றது.

இவ்வினாவை ஆராய்வதற்கு நோர்வே மிகப் பொருத்தமான களமாகும். அந்நாட்டிலே ஓய்வு என்பது தனிமனிதனின் சொந்த விடயமாக மட்டும் கருதப்படுவதில்லை. காட்டிலும் மலையிலும் நடத்தல், பனிச்சறுக்கிற் செல்லுதல், குடும்பத்தோடு வெளியிலே கூடாரமடித்துத் தங்குதல் ஆகியன நோர்வேஜியர் தம்மை நோர்வேஜியராக உணரும் வழிகளாக உள்ளன. எனவே, அங்கு குடியேறிய ஒருவர் மொழியைப் பயின்றாரா என்னும் வினாவை அடுத்து, அவருடைய பிள்ளைகள் பனிச்சறுக்கைப் பயின்றனரா என்னும் வினாவும் சொல்லாமலே எழுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டன என்பதையும், நோர்வேஜியரின் திறந்தவெளி மரபு எத்தகைய வரலாற்றை உடையது என்பதையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியேற்றத்தின் பின்னணி

நோர்வேயிற் குடியேறிய முதலாவது ஈழத்தமிழர் எனக் குறிப்பிடப்படுபவர் அன்ரனி இராஜேந்திரம் ஆவார். 1956 ஆம் ஆண்டில் அந்நாட்டை அடைந்த அவர், அங்கு கிடைத்த நட்பையும் மீன்பிடித் தொழில் அறிவையும் துணையாகக் கொண்டு, 1967 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே சீ-நோர் நிறுவனம் உருவாக வழிவகுத்தார். காரைநகரில் அமைந்த அதன் படகுத் தளம் வட பகுதி மக்கள் நன்கறிந்த ஒன்றாகும். இந்நிறுவனத்தின் வழியாக ஏற்பட்ட தொடர்புகள் தமிழ் இளைஞர் சிலருக்கு நோர்வே செல்லும் பாதையைத் திறந்துவிட்டன.

1975 ஆம் ஆண்டில் நோர்வே அரசு தொழிலாளர் குடிவரவை நிறுத்தியது. ஆனால் மாணவராகச் செல்வதற்கு வழி இருந்தது. அவ்வழியிலே தமிழ் இளைஞரை வரவேற்றவை 'நாட்டார் உயர்கல்விக் கூடங்கள்' எனத்தக்க வதிவிடப் பாடசாலைகளாகும். டென்மார்க்கைச் சேர்ந்த குருந்விக் என்னும் அறிஞரின் கல்விச் சிந்தனையைப் பின்பற்றி, நோர்வேயில் இத்தகைய முதலாவது பாடசாலை 1864 ஆம் ஆண்டில் ஹாமர் நகரில் ஆரம்பிக்கப்பட்டது. பரீட்சை இல்லாத, கூடி வாழ்தலையே கல்வியாகக் கொள்ளும் இப்பாடசாலைகளிலே மலைப்பயணமும் பனிச்சறுக்கும் கல்வியின் பகுதிகளாகவே அமைந்திருந்தன. பரீட்சையே கல்வி எனக் கருதிய யாழ்ப்பாணச் சமூகத்திலிருந்து சென்ற இளைஞருக்கு நோர்வே அளித்த முதல் அனுபவமே பரீட்சையற்ற கல்வியாகவும் திறந்தவெளி வாழ்வாகவும் இருந்தமை ஈண்டு நோக்கற்பாலது.

1983 ஆம் ஆண்டு யூலை வன்செயல்களின் பின்னர் இச்சிறு நீரோட்டம் பெருக்கெடுத்தது. மாணவரைத் தொடர்ந்து அகதிகள் வந்தனர். அவர்களைத் தொடர்ந்து மனைவியரும் பிள்ளைகளும் வந்தனர். 1980 களில் வந்தோருட் கணிசமானோர் நாட்டின் வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்தின் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை பெற்றனர். ஹமர்பெஸ்ட், வார்டோ போன்ற கரையோரப் பட்டினங்களில் உள்ளூர் இளைஞர் தெற்கு நோக்கி வெளியேறிக் கொண்டிருந்த காலம் அது. அவர்கள் விட்டுச்சென்ற இடத்தை யாழ்ப்பாணத்து இளைஞர் நிரப்பினர். பின்னர், மேற்படிப்பையும் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் கருதி அவர்களும் ஒஸ்லோ முதலிய பெருநகர்களை நோக்கி நகர்ந்தனர். 2010 களின் நடுப்பகுதியில் இலங்கையிற் பிறந்தோரும் அவர்களுக்கு நோர்வேயிற் பிறந்த பிள்ளைகளுமாக ஏறத்தாழ 15,000 பேர் அங்கு வாழ்ந்தனர். இவர்களுள் மிகப் பெரும்பாலானோர் தமிழராவர்.

திறந்தவெளி வாழ்வு: ஒரு தேசியப் படைப்பு

நோர்வேஜிய மொழியிலே 'பிரிலுப்ட்ஸ்லிவ்' என்றொரு சொல் உண்டு. 'தடையற்ற காற்றில் வாழ்தல்' என அதனைத் தமிழாக்கலாம். இச்சொல் தொன்மையானதன்று. நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சன் 1859 ஆம் ஆண்டில் எழுதிய கவிதையொன்றிலேயே இது முதன்முதலாக அச்சேறியது. நோர்வேஜியர் பிறக்கும்போதே பனிச்சறுக்குப் பலகையுடன் பிறக்கின்றனர் என அவர்களே வேடிக்கையாகக் கூறிக்கொள்வதுண்டு. ஆனால் வரலாறு வேறு விதமாக அமைந்துள்ளது.

பனிச்சறுக்குப் பலகை பல்லாயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த கருவி என்பதில் ஐயமில்லை. எனினும், உழவனும் வேட்டைக்காரனும் அதனைப் பயன்படுத்தியது விறகுக்கும் இறைச்சிக்கும் அயலூர்ப் பயணத்துக்குமேயாம். மகிழ்ச்சிக்காக மலையேறுதல் நகரத்து மேல் வகுப்பாரின் கண்டுபிடிப்பாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து சால்மன் மீன் பிடிக்கவும் சிகரமேறவும் வந்த செல்வந்தர் அதற்கு முன்மாதிரியாயினர். வில்லியம் சிசில் சிலிங்ஸ்பி என்னும் ஆங்கிலேயர் 1876 ஆம் ஆண்டில் நோர்வேயின் கடினமான சிகரங்களுள் ஒன்றான ஸ்ககஸ்தொல்ஸ்திண்ட் மீது முதன்முதலாக ஏறினார். நோர்வேஜிய மலைப்பயணச் சங்கம் 1868 ஆம் ஆண்டிலே தோன்றியது. ஒஸ்லோவை அண்டிய ஹொல்மென்கொல்லென் குன்றிலே பனிச்சறுக்குப் போட்டிகள் 1892 ஆம் ஆண்டில் ஆரம்பமாயின.

இக்காலப் பகுதியின் அரசியல் நிலை கருத்திற் கொள்ளத்தக்கது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் டென்மார்க்குடனும், 1814 முதல் 1905 வரை சுவீடனுடனும் இணைக்கப்பட்டிருந்த நோர்வே, தனக்கெனத் தனித்துவமான அடையாளத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அரண்மனைகளும் பிரபுக்களும் அருகிய அந்நாடு, மலையையும் பனியையும் தன் அடையாளமாக்கிக் கொண்டது. 1888 ஆம் ஆண்டில் கிறீன்லாந்தின் பனிப்பரப்பைப் பலகைகளின் மேல் நின்று கடந்த பிரித்யொவ் நான்சன் தேசிய வீரரானார். 1911 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அமுண்ட்சன் தென் துருவத்தை அடைந்தபோது, சுதந்திரம் பெற்று ஆறு ஆண்டுகளே ஆகியிருந்த சிறு நாடு தன் மரபை உலகறியச் செய்தது.

ஆயினும், தொழிலாளிக்கு இம்மரபில் அதுவரை பங்கு இருக்கவில்லை. நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் உழைப்பவனுக்கு மலை தூரத்துக் காட்சி மட்டுமேயாகும். எட்டு மணித்தியால வேலைநாள் 1919 ஆம் ஆண்டிற் சட்டமாயிற்று. தொழிலாளர் தமக்கெனத் தனியான விளையாட்டுச் சம்மேளனத்தை 1924 ஆம் ஆண்டில் அமைத்தனர். சம்பளத்துடன் கூடிய மூன்று வார விடுமுறை 1947 ஆம் ஆண்டில் எல்லோருக்கும் உரியதாயிற்று. இறுதியாக 1957 ஆம் ஆண்டுத் திறந்தவெளிச் சட்டம், பயிரிடப்படாத நிலத்திலே, அது யாருடைய உடைமையாயினும், எவரும் நடந்து செல்லலாம் என்னும் பழைய வழக்கத்தை எழுத்து வடிவில் உறுதிசெய்தது. குடியிருப்புக்கு 150 மீற்றருக்கு அப்பால் எவரும் கூடாரமடித்து இரு நாட்கள் தங்கலாம்.

எனவே, நோர்வேஜியரின் ஞாயிற்றுக்கிழமைக் காடு இயற்கையாகவே வாய்த்த ஒன்றன்று. தேசிய இயக்கமும் தொழிலாளர் போராட்டமும் சேர்ந்து உருவாக்கியது. அது தோன்றுவதற்கு மூன்று பொருள்கள் தேவைப்பட்டன. நிலத்தில் நடக்கும் உரிமை ஒன்று; நடப்பதற்கு வேண்டிய நேரம் மற்றொன்று; பனியையும் காட்டையும் பற்றிய அறிவு மூன்றாவது. குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் அனுபவத்தையும் இம்மூன்றையும் கொண்டே அளவிடல் பொருத்தமானது.

அன்றாட வாழ்வு

இம்மூன்றனுள் உரிமை முதல் நாளிலேயே கிடைத்தது. திறந்தவெளிச் சட்டம் ஒருவரின் குடியுரிமையைக் கேட்பதில்லை. நேற்று வந்திறங்கிய அகதியும் அரச குடும்பத்தவரும் அச்சட்டத்தின்முன் சமமானவர்கள். ஆனால் நேரம் அவ்வாறு எளிதிற் கிடைக்கவில்லை.

பின்மார்க்கின் மீன் தொழிற்சாலையில் நாள் முழுவதும் குளிர்ந்த மேசையருகே நின்று மீனை வெட்டியவருக்கு, வெளியே சென்று குளிரை அனுபவித்தல் ஓய்வாகத் தோன்றியிராது. நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கு சூரியன் உதிப்பதேயில்லை. மே நடுப்பகுதியிலிருந்து யூலைப் பிற்பகுதி வரை அது மறைவதுமில்லை. பொழுது புலர்வதையும் சாய்வதையும் கொண்டு வாழ்வை ஒழுங்குசெய்த கமக்காரச் சமூகத்திலிருந்து சென்றோர் கடிகாரத்தைப் பார்த்தே உறங்கவும் விழிக்கவும் பழகினர். ஒஸ்லோவுக்குப் பெயர்ந்த பின்னரும் உணவகங்களிலும் துப்புரவுத் தொழிலிலும் முதியோர் இல்லங்களிலும் பணிபுரிந்த பலருக்கு வாரவிறுதி கூடுதல் வேதனம் தரும் வேலை நாளாகவே இருந்தது. சகோதரியின் சீதனம், தம்பியின் பயணச் செலவு, கொழும்பு விடுதியிற் காத்திருக்கும் பெற்றோரின் வாடகை எனக் கடமைகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டிருக்க, ஞாயிற்றுக்கிழமையைக் காட்டில் நடந்து கழித்தல் வருமானத்தை வீணே இழப்பதாகத் தோன்றியமை வியப்பன்று.

மாற்றம் பிள்ளைகளின் வழியாகவே வீட்டினுள் நுழைந்தது. நோர்வேயின் பாலர் பராமரிப்பு நிலையங்கள் மழையிலும் பனியிலும் பிள்ளைகளை நாள்தோறும் வெளியே விளையாட விடுகின்றன. குளிர்காலத்திற்கூடக் கைக்குழந்தைகள் தள்ளுவண்டியில், தடித்த போர்வையினுள், வெளிக்காற்றிலே உறங்கவிடப்படுகின்றனர். பனி பட்டால் தடிமன் பிடிக்கும் என்று மார்கழி மாதத்திலே பிள்ளையின் தலையைத் துணியால் மூடிவிடும் யாழ்ப்பாணத்துத் தாய்க்கு இக்காட்சி அச்சத்தை அளித்தது. தீய காலநிலை என்று ஒன்றில்லை, பொருந்தாத உடையே உண்டு என்பது நோர்வேஜியரின் வாய்மொழி. அதன்படி கம்பளி உள்ளுடை, நீர் புகாத மேலுடை, கையுறை, சப்பாத்து எனப் பிள்ளை ஒன்றுக்குப் பருவத்துக்கொரு தொகுதி வாங்கவேண்டியிருந்தது. பாடசாலை குறித்த ஒரு நாளைப் பனிச்சறுக்கு நாளாக அறிவித்தால், பலகையும் கோலும் பிரத்தியேகச் சப்பாத்தும் தேவைப்பட்டன. வளரும் பிள்ளைக்கு அடுத்த ஆண்டு அவை சிறியனவாகிவிடும். செலவு ஒருபுறமிருக்க, எதை வாங்குவதென்று அறியாமையே பெரிய இடர்ப்பாடாக இருந்தது.

இதுவே மூன்றாவது பொருளான அறிவு பற்றிய சிக்கலாகும். பனியின் தன்மைக்கேற்பப் பலகைக்கு எந்த மெழுகைப் பூசுவது, காட்டுப் பாதையில் நீல அடையாளம் கோடைக்குரியது, சிவப்பு அடையாளம் பனிச்சறுக்குக்குரியது என்பவற்றையெல்லாம் நோர்வேஜியச் சிறுவன் தன் பாட்டனிடமிருந்து கற்கிறான். தமிழ்ச் சிறுவனின் பாட்டன் ஊரிலே இருந்தான். தந்தைக்கோ சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. மாறாக, பாடசாலையிற் கற்று வந்த மகனே தந்தைக்குப் பலகையைக் கட்டிவிட்டு, விழாமல் நிற்பதெப்படி எனக் காட்டினான். தந்தை மகற்குக் கற்பித்தலை அறமாகக் கொண்ட சமூகத்தில் இவ்வாறு முறை மாறியமை சிறு நிகழ்ச்சியன்று. மொழியிலும் அலுவலகக் கடிதங்களிலும் பிள்ளையின் துணையை நாடிய பெற்றோர், விளையாட்டிலும் அவ்வாறே நாடவேண்டியதாயிற்று. சிலர் இதனைச் சிரிப்போடு ஏற்றனர். சிலர் கரையில் நின்று பார்ப்பவராகவே இருந்துவிட்டனர்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும்

தமிழ்க் குடும்பத்தின் வாரவிறுதி இரண்டாகப் பிரிந்து அமைந்தது. சனிக்கிழமை தமிழுக்குரிய நாளாயிற்று. நோர்வேஜியப் பாடசாலைக் கட்டடங்களிலே வாராந்தத் தமிழ் வகுப்புகளும், பரதநாட்டியம், வாய்ப்பாட்டு, மிருதங்கம் ஆகிய கலை வகுப்புகளும் நடைபெற்றன. பெற்றோர் வாகனம் செலுத்துவோராகவும் ஆசிரியராகவும் தேநீர் தயாரிப்போராகவும் பணியாற்றினர். ஞாயிற்றுக்கிழமையோ நோர்வேக்குரியது. அன்று பெரும்பாலான கடைகள் சட்டப்படி மூடப்பட்டிருக்கும். ஒஸ்லோவின் மேற்குப் புறத்திலே, 1898 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட ஹொல்மென்கொல்லென் புகையிரதப் பாதையில் மக்கள் பனிச்சறுக்குப் பலகைகளைத் தாங்கியவாறு மலைக்குச் செல்வர். தமிழர் பலர் குடியேறிய நகரின் வடகிழக்குப் புறத்திலும், குரூருட் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிக் குடியிருப்புகளை அடுத்துக் காடு தொடங்கிவிடுகின்றது. வீட்டின் சாளரத்திலிருந்து பார்க்கக்கூடிய தூரத்திலிருந்த அக்காட்டினுள் நுழைவதற்குப் பல குடும்பங்களுக்குப் பல ஆண்டுகள் சென்றன.

இதற்குக் காரணம் சோம்பலோ அறியாமையோ மட்டுமன்று. தமிழர் வெளியே சென்று மகிழாத மக்களுமல்லர். ஆடி அமாவாசையிற் கீரிமலைக்கும், திருவிழாக் காலத்தில் நல்லூருக்கும் செல்வச்சந்நிதிக்கும், கால்நடையாகக் கதிர்காமத்துக்கும் சென்ற மரபு அவர்களுக்கு உண்டு. கசூரினாக் கடற்கரைக்குப் பொதிச்சோற்றுடன் குடும்பங்களாகச் சென்றவர்களே அவர்கள். ஆனால் இப்பயணங்களிலெல்லாம் ஒரு நோக்கமும் ஒரு கூட்டமும் இருந்தன. நிலத்தை ஐந்திணையாக வகுத்த பழந்தமிழ் மரபிலும் மலையும் காடும் மனித உறவின் பின்னணியாகவே அமைந்தன. மனிதரை விட்டு விலகி, நோக்கமின்றி, அமைதியை நாடிக் காட்டுக்குச் செல்லுதல் அம்மரபுக்குப் புதியது. நோர்வேஜியர் காட்டுக்குச் செல்வது ஆட்களில்லாத இடத்தைத் தேடி. தமிழர் எங்கு சென்றாலும் நாலுபேரோடு சேர்ந்திருப்பதைத் தேடி. இரு சமூகத்தாரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தவறியதற்கு இவ்வேறுபாடு ஒரு காரணம் எனலாம்.

இதனினும் ஆழமான காரணமொன்றும் உண்டு. போர்க்காலத்தில் ஊரைவிட்டுச் சென்றோருக்குக் காடு என்னும் சொல் ஓய்வை நினைவூட்டவில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் கால்நடையாக வெளியேறினர். அவர்களுட் பலர் பின்னர் வன்னிக் காடுகளிலே மரநிழல்களின்கீழ் வாழ்ந்தனர். 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் நிகழ்ந்தவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. உறவினர் அங்கே தறப்பாள் கட்டித் தங்கியிருக்கையில், இங்கே பொழுதுபோக்கிற்காகக் கூடாரமடித்தலை மனம் எவ்வாறு ஏற்கும்? நோர்வேஜிய அயலவர் அன்போடு விடுத்த அழைப்பைத் தமிழர் தட்டிக்கழித்தபோது, அதனை ஆர்வமின்மை என அயலவர் கருதியிருக்கலாம். அதன் பின்னால் இருந்த துயரை அவர்கள் எளிதில் அறிந்திருக்க முடியாது.

எனினும், காலப்போக்கில் இரு மரபுகளும் ஓரிடத்திற் சந்தித்தன. கோடைகாலத்தில் ஏரிக்கரைகளிலே பல தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுகூடலாயின. நோர்வேஜியரின் பைகளில் தாளிற் சுற்றிய பாண் துண்டும் பழுப்புப் பாற்கட்டியும் தோடம்பழமும் இருக்க, இவர்களின் பாத்திரங்களில் தூள் தடவிய கோழியிறைச்சியும் றோல்சும் சோறும் இருந்தன. ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டை அண்டிய இடத்திலும் தீ மூட்டலாகாது என்னும் விதியை அறிந்து, அதற்கென ஒதுக்கப்பட்ட இடங்களை நாடவும் அவர்கள் பழகினர். கடலிலே தூண்டிலிட்டு மீன்பிடித்தல் நோர்வேயில் எவருக்கும் கட்டணமின்றி அனுமதிக்கப்பட்டதாகும். கரையோரக் கிராமங்களிலிருந்து வந்தோருக்கு இது கற்கவேண்டிய கலையாக இருக்கவில்லை. பனியிலே மகனிடம் கற்ற தந்தை, கடலோரத்திலே மகனுக்குக் கற்பித்தான்.

விளையாட்டுக் கழகங்கள்

நோர்வேயிற் பிள்ளைகளின் விளையாட்டு பெரும்பாலும் பாடசாலைக்கு வெளியே, ஊர்க் கழகங்களிலே நடைபெறுகின்றது. அக்கழகங்கள் சம்பளம் பெறும் அலுவலரைவிடப் பெற்றோரின் உழைப்பையே அதிகம் நம்பியுள்ளன. பயிற்றுவித்தல், வாகனம் செலுத்துதல், மைதானத்தைத் துப்புரவாக்கல், பணம் சேர்ப்பதற்காகச் சிற்றுண்டி விற்றல் ஆகிய அனைத்தும் பெற்றோரின் கடமைகள். இத்தகைய கூட்டுழைப்பை 'டுக்னாட்' என்பர். 2004 ஆம் ஆண்டில் நாட்டின் தேசியச் சொல்லாக இச்சொல்லே தெரிவுசெய்யப்பட்டமை அதன் முக்கியத்துவத்தைக் காட்டும். கோயில் வீதியைச் செதுக்கவும் சனசமூக நிலையத்தைக் கட்டவும் சிரமதானத்திற் கூடிய தமிழருக்கு இது அந்நியமான கருத்தன்று. அந்நியமாக இருந்தது அதன் சொல்லாத ஒழுங்கு. தமிழ்த் தந்தை பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு வேலைக்குச் சென்றார். கழகமோ தந்தையையும் எதிர்பார்த்தது.

மற்றொரு முரண்பாடு போட்டி பற்றியது. நோர்வே விளையாட்டுச் சம்மேளனம் 1987 ஆம் ஆண்டிலேயே சிறுவர் விளையாட்டுக்கெனத் தனி விதிகளை ஏற்றுக்கொண்டது. பதினொரு வயதுக்குட்பட்டோருக்கு வெற்றிப் பட்டியலும் தரவரிசையும் வெளியிடப்படுவதில்லை. யார் முதலாவது வந்தார் என்பதே முதல் வினாவாக அமையும் சமூகத்திலிருந்து வந்த பெற்றோருக்கு, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பரிசு வழங்கப்பட்டது புதிராக இருந்தது. விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்னும் கவலையும் அவர்களிடம் இருந்தது. குறிப்பாகப் பெண்பிள்ளைகள் பருவமடைந்த பின்னர் கழகத்திலிருந்து விலக்கப்படுதலும், வகுப்புத் தோழருடன் இரவு தங்கும் முகாம்களுக்கு அனுப்பப்படாமையும் குடும்பங்களினுட் கசப்புகளை விளைவித்தன. இதனைப் பண்பாட்டுப் பாதுகாப்பு என்று பெற்றோர் கருதினர். நண்பரிடமிருந்து தம்மைப் பிரித்ததாகப் பிள்ளைகள் கருதினர். இரு தரப்பினரின் உணர்வும் உண்மையானதே. ஆயினும், விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்பிள்ளைகளே என்பதை மறுத்தல் இயலாது.

இவற்றிற்கு இணையாகத் தமிழர் தமக்கெனக் கழகங்களையும் அமைத்தனர். உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், வலைப்பந்தாட்டம், துடுப்பாட்டம் ஆகியன கோடை வாரவிறுதிகளில் விளையாடப்பட்டன. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் சுற்றுப்போட்டிகளை நடத்தின. இல்லங்களாகப் பிரிந்து, அணிவகுத்து, கொடியேற்றி, கயிறிழுத்து முடியும் யாழ்ப்பாணப் பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டி அங்கு மீண்டும் உயிர்பெற்றது. இதனைப் பழைமை பேணல் எனச் சிலர் ஒதுக்குவர். ஆனால் அந்த இல்ல விளையாட்டுப் போட்டியும் ஆங்கிலேயப் பாடசாலை முறையிலிருந்து மிசனரிமார் வழியாக யாழ்ப்பாணத்துக்கு வந்ததேயாம். நோர்வேயின் கோடை வெயிலில் அது தமிழ் மரபாகக் கொண்டாடப்பட்டமை, மரபுகள் எவ்வாறு பயணித்து உருவாகின்றன என்பதற்கு நல்ல சான்றாகும்.

நோர்வேயிலே வளர்ந்த தலைமுறை இப்பிரிவினைகளை மெல்லக் கடந்தது. யாழ்ப்பாணத்திற் பிறந்து, மூன்று வயதில் நோர்வே சென்ற ஹம்சாயினி குணரத்தினம் 2015 ஆம் ஆண்டில் ஒஸ்லோவின் துணை நகரபிதாவாகவும் 2021 ஆம் ஆண்டில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தெரிவானார். 2011 ஆம் ஆண்டு யூலை 22 ஆம் திகதி, ஊத்தேயா தீவில் நடைபெற்ற இளைஞர் கோடை முகாமின்மீது வலதுசாரிப் பயங்கரவாதி ஒருவன் நடத்திய தாக்குதலில் 69 பேர் கொல்லப்பட்டனர். அங்கிருந்து ஏரியில் நீந்தி உயிர்தப்பியோருள் அவரும் ஒருவர். வெவ்வேறு பின்புலங்களைச் சேர்ந்த இளைஞர் ஒரே முகாமிலே கூடியிருந்தமையே அக்கொலைஞனின் வெறுப்புக்கு இலக்காயிற்று. திறந்தவெளி முகாமொன்றில் யார் இடம்பெறலாம் என்னும் வினா வெறும் பொழுதுபோக்குப் பற்றியதன்று என்பதை அந்நாள் உணர்த்தியது.

நோர்வேஜியரும் புலம்பெயர்ந்தோரே

1825 முதல் ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் எட்டு இலட்சம் நோர்வேஜியர் வரையில் வட அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தனர். நவீன பனிச்சறுக்கின் தந்தை எனப் போற்றப்படும் தெலெமார்க்கைச் சேர்ந்த சோன்ட்ரே நூர்ஹைம் ஒரு வறிய குடியானவர். 1884 ஆம் ஆண்டில் அவரும் குடும்பத்தோடு அமெரிக்கா சென்று, 1897 ஆம் ஆண்டில் வட டக்கோட்டாவிலே காலமானார். சறுக்குவதற்கு ஒரு குன்றுமில்லாத அச்சமவெளியிலும் தம் வீட்டு வாசலில் அவர் பனிச்சறுக்குப் பலகைகளைச் சாத்தி வைத்திருந்தார் எனக் கூறப்படுகிறது. கலிபோர்னியாவின் சியெரா நெவாடா மலைகளைப் பலகைகளின் மேற் கடந்து பல குளிர்காலங்களில் அஞ்சல் கொண்டுசென்ற 'பனிச்சப்பாத்துத் தொம்சன்' என்பவரும் தெலெமார்க்கிற் பிறந்தவரே. அமெரிக்கத் தேசிய பனிச்சறுக்குச் சங்கம் 1905 ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தின் இஷ்பெமிங் நகரிலே நிறுவப்பட்டபோது, அதன் முதல் தலைவராக இருந்தவரும் நோர்வேஜியக் குடியேறியேயாவார். ஊர்விட்டு ஊர் சென்றோர் தம் விளையாட்டையும் சுமந்து செல்வர் என்பதற்கு ஒஸ்லோவின் தமிழ் விளையாட்டு விழாவைப் போலவே இஷ்பெமிங்கின் பனிச்சறுக்கு விழாவும் சான்றாகும்.

நான்சனின் வாழ்வு இன்னொரு தொடர்பைக் காட்டுகின்றது. பனிச்சறுக்கைத் தேசியப் பெருமையாக்கிய அவரே, 1921 ஆம் ஆண்டில் சர்வதேச சங்கத்தின் அகதிகளுக்கான ஆணையாளராகப் பொறுப்பேற்று, நாடிழந்தோருக்கென 1922 ஆம் ஆண்டில் 'நான்சன் கடவுச்சீட்டு' எனப்படும் ஆவணத்தை உருவாக்கினார். அவ்வாண்டில் நோபல் சமாதானப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. நோர்வேயின் திறந்தவெளி மரபும் அகதிக்கு இடமளிக்கும் மரபும் ஒரே மனிதரிற் சந்தித்தன. அகதியின் பிள்ளை பனிச்சறுக்கிற் செல்வதை அந்நாட்டு வரலாற்றுக்குப் புறம்பான காட்சியாகக் கருத இடமில்லை.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, நோர்வேயின் திறந்தவெளி வாழ்வு தொன்றுதொட்டு வந்த இயற்கைப் பண்பாகாமல், கடந்த ஒன்றரை நூற்றாண்டிலே உருவான சமூகப் படைப்பாக விளங்குவதைக் காணலாம். உரிமை, நேரம், அறிவு ஆகிய மூன்றையும் நோர்வேஜியத் தொழிலாளர் இரண்டு மூன்று தலைமுறைகளிற் படிப்படியாகவே பெற்றனர். தமிழ்க் குடும்பம் உரிமையை வந்த அன்றே பெற்றது; நேரத்தைக் கடன்களும் கடமைகளும் தீர்ந்த பின்னரே பெற்றது; அறிவைத் தன் பிள்ளைகளிடமிருந்து பெற்றது. அம்மூன்றுக்கும் மேலாக, ஊர் எரியும்போது ஓய்வை ஏற்றுக்கொள்ளும் மனநிலை தேவைப்பட்டது. அதனை எந்தச் சட்டமும் வழங்கவியலாது. ஆகவே, காட்டுக்குச் செல்லாமையை ஒன்றிணைய மறுத்தலின் அடையாளமாகக் கொள்ளுதல் வரலாற்று நோக்கிற் பொருந்தாது. காட்டுக்குச் செல்லத் தொடங்கியதைத் தமிழடையாளத்தின் இழப்பாகக் கொள்ளுதலும் அவ்வாறே பொருந்தாது.

1952 ஆம் ஆண்டிலே நோர்வேயில் மலைப்பயணிகளுக்கெனச் சில நெறிகள் வகுக்கப்பட்டன. காலநிலை மாறினால் உரிய வேளையில் திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது இன்று அவற்றுள் மிகவும் அறியப்பட்டது. பாடசாலையிலேயே பிள்ளைகளுக்குப் பழக்கமாகும் நெறி அது. திரும்பிச் செல்லும் வழி அடைபட்டுப்போன பெற்றோருக்கு அந்நெறி வேறு பொருளையே தந்திருக்கும். அப்பெற்றோர் இப்போது முதுமை எய்தி வருகின்றனர். அவர்கள் எழுதிய கடிதங்களும், முதற் பனியில் எடுத்து ஊருக்கு அனுப்பிய நிழற்படங்களும், விளையாட்டு விழா மலர்களும் யாழ்ப்பாணத்து வீடுகளிலும் ஒஸ்லோவின் அடுக்குமாடிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேகரித்து ஆராய்தல் நம் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத்துறை மாணவர் முன்னுள்ள பணியாகும். காலம் தாழ்த்தின் அவ்வாரவிறுதிகளைப் பற்றிச் சொல்ல எவரும் எஞ்சியிரார்.